முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு என்னென்ன சலுகை? வாசகர் கேள்வி-பதில்

வீடு வாங்கப் போகிறவர்களின் கடிதங்கள் இந்த முறை நிறைய வந்திருக்கின்றன. பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் கேட்கிறார்கள். தயவுசெய்து கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம், இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 70,000 ரூபாய். கோவை துடியலூர் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் அபார்ட்மென்ட்டில் 34 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். 24 லட்சம் கடன் வாங்க வேண்டும். மத்திய அரசு மானியம் 2.67 லட்சம் வந்துவிடும், வருமான வரியும் மிச்சமாகும் என்று பில்டர் ஆபீஸில் சொல்கிறார்கள். நம்பலாமா? ஊரில் அப்பா பெயரில் ஒரு வீடு இருக்கிறது, அதனால் மானியம் கிடைக்காமல் போகுமா? (கோவை வாசகர்)

பதில்: அந்த 2.67 லட்சத்தை இப்போதே மறந்துவிடுங்கள். அது பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் பழைய வட்டி மானியத்தில் கிடைத்த அதிகபட்சத் தொகை. நடுத்தர வருமானக்காரர்களுக்கு அது 2021 மார்ச் 31-லும், அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு 2022 மார்ச் 31-லும் முடிந்துவிட்டது. முடிந்துபோன திட்டத்தைச் சொல்லி இன்றைக்கும் வீடு விற்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் கையில் இருக்கும் நகையை விற்று முன்பணம் கட்டுகிறார்கள்.

இப்போது நடப்பில் இருப்பது அதே திட்டத்தின் நகர்ப்புறம் 2.0. 2024 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ அனுமதித்த கடன்களுக்குத்தான் இது பொருந்தும். குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள்ளே புழங்குகிற இடம்) 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடனில் முதல் 8 லட்சத்துக்கு மட்டும் 4 சதவீத வட்டி மானியம், மொத்தத்தில் அதிகபட்சம் 1.80 லட்சம், அதுவும் ஒரே தடவையில் இல்லாமல் ஐந்து ஆண்டுத் தவணைகளாக உங்கள் கடன் கணக்குக்கு வரும். உங்கள் வருமானம் ஆண்டுக்கு 8.40 லட்சம், ஆக நீங்கள் வரம்புக்குள்தான் இருக்கிறீர்கள். ஆனால் வீட்டு மதிப்பில்தான் நூலிழையில் நிற்கிறீர்கள். 34 லட்சம் என்று சொன்னவர்கள் கார் பார்க்கிங், மின் இணைப்பு, கிளப் ஹவுஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து 36 ஆக்கிவிட்டால் மானியம் முழுவதும் போய்விடும். எல்லாம் சேர்த்து என்ன விலை என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தாளை வங்கியில் காட்டி, இந்த விலைக்கு மானிய விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

அப்பா வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள், அவ்வளவுதான். உங்கள் இருவர் பெயரிலும் நாட்டில் எங்கேயும் நிலையான (பக்கா) வீடு இருக்கக் கூடாது. அப்பா அந்த வீட்டை ஏற்கெனவே உங்கள் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிவைத்துவிட்டாரா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், பல வீடுகளில் இது பிள்ளைகளுக்கே தெரியாமல் நடந்திருக்கும்.

மானியத்தை எதிர்பார்த்து இஎம்ஐ கணக்குப் போடாதீர்கள். 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு 24 லட்சம் என்றால் மாதம் சுமார் 20,800 ரூபாய். 1.80 லட்சத்தை ஐந்தாகப் பிரித்தால் ஆண்டுக்கு 36,000, இரண்டு மாத இஎம்ஐ-க்குக்கூடப் போதாது. கடனை அவசரப்பட்டு அடைத்தாலும் மீதி மானியத் தவணை வராது, ஏனென்றால் தவணை வரும் நேரத்தில் அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும்.

வருமான வரி மிச்சம் என்பது உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. வீட்டுக் கடன் வட்டிக்கு 2 லட்சம் கழிவு, அசலுக்கும் பத்திரச் செலவுக்கும் மற்ற சேமிப்புகளோடு சேர்த்து 1.5 லட்சம் கழிவு என்பதெல்லாம் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு. 2025-26 நிதியாண்டு முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் இருப்பவருக்கு வரியே கிடையாது. உங்கள் இருவருக்கும் தனித்தனியாகப் பார்த்தால் கட்ட வேண்டிய வரி பூஜ்யம், அதில் எதை மிச்சப்படுத்துவது?

நிஜமான பணம் இருப்பது உங்களிடம் யாரும் சொல்லாத இரண்டு இடங்களில். ஒன்று ஜிஎஸ்டி. கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு 5 சதவீதம், ஆனால் விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள்ளும் (சென்னை போன்ற பெருநகரங்களில் 60) இருந்தால் 1 சதவீதம்தான். 34 லட்சத்தில் அந்த வித்தியாசம் 1,36,000 ரூபாய். பிரோஷரில் 1,150 சதுர அடி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அது பொதுப் படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் சேர்ந்த சூப்பர் பில்ட்-அப். சுவருக்குள்ளே நீங்கள் நடமாடுகிற இடம் 810 சதுர அடி என்றால் அது 75 சதுர மீட்டர்தான். பில்லில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது.

இன்னொன்று பத்திரப் பதிவு. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் 1 முதல், புது அபார்ட்மென்ட்டின் முதல் விற்பனைக்கு நிலப் பங்கும் கட்டடமும் சேர்த்து ஒரே பத்திரம். 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். உங்களுக்கு 2,04,000 ஆகும். வழக்கமான 9 சதவீதமாக இருந்தால் 3,06,000 ஆகியிருக்கும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் அனுமதி தரவில்லை. அதற்கு மேல் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை, அங்கே சொந்த வீட்டில் குடியிருந்தால் வீட்டு வரியில் பெரிய கழிவு உண்டு என்கிறாள். நான் வாங்கியிருப்பது என் முதல் வீடு. நமக்கு அப்படி ஏதாவது உண்டா? (பெரம்பூர் வாசகி)

பதில்: உங்கள் தங்கை சொல்வது சரி. உதாரணத்துக்கு டெக்சஸ் மாநிலத்தில், குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் 1,40,000 டாலரைக் கழித்த பிறகுதான் பள்ளி மாவட்ட வரியைப் போடுகிறார்கள். நம் ஊரில் முதல் வீடு என்பதற்காகச் சொத்து வரியில் சலுகை இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கருத்து, குறைந்தபட்சம் 600 சதுர அடிக்குள் வாங்கி அதிலேயே குடியிருப்பவர்களுக்கு, இஎம்ஐ நெருக்குகிற முதல் இரண்டு மூன்று வருடத்துக்காவது.

இப்போதைக்கு இருப்பது ஊக்கத்தொகை மட்டும். ஒவ்வொரு அரையாண்டும் தொடங்கிய முதல் 30 நாளில், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 30-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் குறையும், உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும். அரையாண்டு வரி 2,400 என்றால் உங்களுக்கு மிச்சம் 120 ரூபாய்தான், இருந்தாலும் விடாதீர்கள்.

அதைவிட முக்கியம் பரப்பளவு. 2022-இல் வரியை உயர்த்தியபோது சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று ஏற்றினார்கள். 1,190 சதுர அடி வீட்டை யாரோ 1,240 என்று எழுதிவைத்திருந்தால், அந்த வீட்டுக்காரர் 75-க்குப் பதில் 100 சதவீத உயர்வைக் கட்டிக்கொண்டிருப்பார். வரி ரசீதில் இருக்கும் சதுர அடியையும் உங்கள் பத்திரத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் பத்திர நகல், கட்டட வரைபடத்தோடு மண்டல அலுவலகத்தில் மறு அளவீடு கேட்டு மனு கொடுத்து, கையோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மதுரையில் 52 லட்சத்துக்கு ஒரு பழைய தனி வீடு பேசி முடித்திருக்கிறோம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா? (மதுரை வாசகர்)

பதில்: வில்லங்கச் சான்றில் சொத்து வரி பாக்கி தெரியாது. பாக்கி வீட்டோடுதான் வரும், பழைய உரிமையாளர் ஐந்து வருடம் கட்டாமல் விட்டிருந்தால் மாநகராட்சி உங்கள் கதவைத்தான் தட்டும். வரிவிதிப்பு எண்ணை வாங்கி மாநகராட்சி இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை, குப்பை வரி எல்லாவற்றுக்கும் கடைசி ரசீதைக் கேளுங்கள்.

ரசீதில் இன்னும் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். பெயர் விற்பவருடையதா, அல்லது இறந்துபோன அவருடைய அப்பாவுடையதா? அப்பா பெயரில்தான் இருக்கிறது என்றால் வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று வக்கீலிடம் கேளுங்கள். அடுத்து, வீட்டில் மாடியில் இரண்டு அறை இருக்கும், ரசீதில் கீழ்த்தளம் 700 சதுர அடி மட்டும் இருக்கும். வரி குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள். நீங்கள் பெயர் மாற்றம் கேட்டுப் போகும்போது அளந்து பார்த்து மாடிக்கும் சேர்த்துப் போட்டால், அது உங்கள் செலவு. விற்பவரையே சரிசெய்து தரச் சொல்லுங்கள், இல்லை விலையில் குறையுங்கள்.

புது அபார்ட்மென்ட்டுக்கு மேலே சொன்ன 4 சதவீத முத்திரைத் தீர்வைச் சலுகை பழைய வீட்டுக்குக் கிடையாது, முழு 9 சதவீதம், ஆக 4,68,000 ரூபாயைத் தனியாக எடுத்துவையுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குப் பணம் கொடுக்கும்போது 1 சதவீதம், உங்களுக்கு 52,000, டிடிஎஸ் (விற்பவரின் வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் தொகை) பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குகிற உங்கள் பொறுப்பு. முழுப் பணத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டால் பிறகு அந்த 52,000 உங்கள் கையிலிருந்துதான் போகும்.

கேள்வி: மனைவி பெயரில் வாங்கினால் பதிவு செலவு குறையுமா? திண்டுக்கல் பக்கத்தில் 9 லட்சத்துக்கு மனை. (திண்டுக்கல் வாசகர்)

பதில்: குறையும். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான வீடு, மனை, விவசாய நிலத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. உங்களுக்கு 18,000-க்குப் பதில் 9,000. முத்திரைத் தீர்வையில் மாற்றமில்லை. அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு நிர்ணயித்த விலை) 10 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள், பேசிய விலை, வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதை வைத்துத்தான் கணக்கு.

கேள்வி: அம்மா விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் குடிசையில் இருக்கிறார். கலைஞர் கனவு இல்லத்தில் பெயர் சேர்க்க ஒருவர் 15,000 கேட்கிறார். கொடுக்கலாமா? (விழுப்புரம் வாசகி)

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்று 8 லட்சம் வீடு கட்டிக் கொடுக்கும் திட்டம் அது. வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. பணம் வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக வரும். குடிசை பற்றிய கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து கிராம சபை வழியாகத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அம்மா அந்தக் குடிசையிலேயே குடியிருக்க வேண்டும், இடம் அவருக்குச் சொந்தமாக, பட்டாவோடு இருக்க வேண்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றுகிற வேலையை இப்போதே தொடங்குங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு நேரில் போய், அம்மா பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுத்தில் மனு கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். அந்த 15,000 அஸ்திவாரத்துக்கு ஆகும்.