கைதட்டல் விழுந்தது, ஓட்டு விழவில்லை: பேச்சும் வாதமும் – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி விவாத மன்றத்தில் பேசுகிறேன். அடுக்குமொழியில் விளாசினால் அரங்கமே கைதட்டுகிறது. ஆனால் வாக்கெடுப்பில் எதிரணிதான் ஜெயிக்கிறது. என்ன கோளாறு?

கைதட்டியவர்கள் உங்கள் சொல்லை ரசித்தார்கள். ஓட்டுப்போடும் நேரத்தில் ‘ஏன் இந்தப் பக்கம்?’ என்று தங்களையே கேட்டிருப்பார்கள். உங்கள் பேச்சிலிருந்து எடுத்து வைக்க ஒன்றும் சிக்கியிருக்காது.

பேசியதை எழுதி வைத்துக்கொண்டு இரண்டு சோதனை செய்து பாருங்கள். முதலில், ‘ஏனென்றால்’, ‘ஆகவே’, ‘அதனால்’ வரும் இடங்களில் கோடு போடுங்கள். ஐந்து நிமிடப் பேச்சில் மூன்று கோடுகூட விழவில்லை என்றால் அதில் இருப்பதெல்லாம் முழக்கம். அடுத்து, எதுகைக்காகப் போட்ட சொல்லை எடுத்துவிட்டு அதே பொருளில் சாதாரணச் சொல்லைப் போடுங்கள். வாக்கியம் அப்போதும் உண்மையாக நின்றால் வைத்துக்கொள்ளலாம். பொருளே கரைந்துபோனால் வெட்டிவிடுங்கள். ஓசைக்காக மட்டும் அங்கே உட்கார்ந்திருந்த வாக்கியம் அது.

எதுகை மோனையே வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். நினைவில் நிற்க அதைப் போல வசதி வேறில்லை. கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரே வாக்கியத்துக்கு அதைச் சேமித்து வையுங்கள். சான்று சொல்லும் இடத்தில் மட்டும் கூடாது. காது ஓசையின் பின்னால் போனால் எண் நழுவிவிடும்.

காரணத்தோடுதான் பேசுகிறேன். இருந்தும் “அதனால் என்ன?” என்று கேட்டு மடக்கிவிடுகிறார்கள்.

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே பார்ப்போம். உங்கள் முடிவுக்கும் காரணத்துக்கும் நடுவில் ஓர் இணைப்பு இருக்கிறது. உங்களுக்கு அது வெளிப்படை என்பதால் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்பவருக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஓர் உதாரணம்: “நூலகத்தை இரவு 9 மணி வரை திறந்து வைக்க வேண்டும்; ஏனென்றால் வேலைக்குப் போகிறவர்களால் மாலை 6 மணிக்கு மேல்தான் வர முடியும்.” காரணம் உண்மைதான். ஆனால் சொல்லாமல் விட்டவை மூன்று: அவர்கள் வர விரும்புகிறார்கள், அவர்களுக்காக நேரத்தை மாற்றுவது நூலகத்தின் கடமை, கூடுதல் மூன்று மணி நேரத்துக்கான ஆளும் செலவும் தாங்கும். நிர்வாகக் குழுவின் முன் பேசினால் மூன்றாவதில்தான் சந்தேகம் எழும். ஊர்க்கூட்டத்தில் முதலாவதில் எழும். எந்த இணைப்பை அவையினர் நம்பவில்லையோ அதற்கே உங்கள் நேரத்தில் பாதியைக் கொடுங்கள். பலர் செய்வது நேர் எதிர்: எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை நான்கு நிமிடம் நிரூபித்துவிட்டு, சந்தேகம் உள்ள இடத்தை ஒரு வரியில் கடந்துபோகிறார்கள்.

இதற்கு மணிமேகலைக் காப்பியத்திலேயே ஒரு கட்டமைப்பு இருக்கிறது. பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தர்க்கம், கற்பிக்கும் பகுதியில் வாதத்தின் ஐந்து உறுப்புகள் வருகின்றன: பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு). மலையில் நெருப்பு இருக்கிறது (பக்கம்). புகை தெரிவதால் (ஏது). அடுக்களையில் கண்டதுபோல (திட்டாந்தம்). இந்த மலையிலும் புகை இருக்கிறது (உபநயம்). ஆகவே நெருப்பு இருக்கிறது (நிகமனம்). இன்றைய பேச்சாளர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டைச் சொல்லிவிட்டு ஐந்தாவதற்குத் தாவுகிறார்கள். “அதனால் என்ன?” முளைப்பது அந்தத் தாவலில்தான்.

திட்டாந்தத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: இரு தரப்பும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதாக அது இருக்க வேண்டும். அடுக்களையில் நெருப்பும் புகையும் சேர்ந்திருப்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. நூலக வாதத்தில், தேர்வுக் காலத்தில் ஒரு மாதம் 9 மணி வரை திறந்திருந்து, அந்த மாத வருகைப் பதிவேட்டில் 6 மணிக்கு மேல் வந்தவர்களின் கையெழுத்து நிறைய இருந்தால், அதுதான் திட்டாந்தம். எங்கோ தொலைதூர நகரத்து நூலகத்தை இழுத்தால் “அந்த ஊர் வேறு” என்று ஒரே சொல்லில் கழற்றிவிடுவார்கள். மணிமேகலை எதிர்மறை உதாரணத்தையும் காட்டுகிறது: நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, நீரைப் போல. இந்த இரண்டாவது சோதனையை மேடை ஏறும் முன்னரே செய்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் காரணம் இல்லாத இடத்திலும் அதே விளைவு காணப்பட்டால் உங்கள் ஏது ஆட்டம் காணும். தேர்வுக் காலம் என்பதாலேயே கூட்டம் வந்திருக்கலாமே? எதிரணி அதைக் கேட்கத்தான் போகிறது. சாதாரண மாதத்துக் கணக்கும் கையில் இருக்கட்டும்.

ஒரு பேச்சில் எத்தனை புள்ளிவிவரம் சொல்லலாம்?

ஐந்து நிமிடத்துக்கு இரண்டு. அதற்கு மேல் சொன்னால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். காதால் கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது.

47.3 சதவீதம் என்பதை “கிட்டத்தட்டப் பாதி” என்று சொல்லுங்கள். துல்லியமான எண் குறிப்புத்தாளில் இருக்கட்டும், கேட்டால் காட்டலாம். யார் எடுத்த கணக்கு, எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் என்பதை எண்ணோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள். ‘50 சதவீதம் கூடிவிட்டது’ என்ற வகை வாக்கியத்தில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். பத்தாயிரத்தில் 2 பேருக்கு இருந்தது 3 பேருக்கு ஆனாலும் 50 சதவீத உயர்வுதான். எதிரணியில் ஒருவர் எழுந்து “எத்தனையிலிருந்து எத்தனை?” என்று கேட்டால் உங்கள் மற்ற எண்களும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் கணக்கு சரியாகிவிடாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46ஐ ரூஸ்வெல்ட் அள்ளினார். தொலைபேசி அட்டவணையிலும் கார் பதிவேட்டிலும் பெயர் இருந்தவர்களிடம், அதாவது பெரும்பாலும் வசதி உள்ளவர்களிடம் கேட்டதும், அவர்களிலும் பதில் அனுப்ப மெனக்கெட்டவர்களை மட்டுமே எண்ணியதும்தான் கோளாறு. ஒரு கருத்துக்கணிப்பை மேற்கோள் காட்டும் முன் ‘யார் விட்டுப்போனார்கள்?’ என்று பாருங்கள்.

எதிரணியில் ஒருவர் எதைச் சொன்னாலும் விதண்டாவாதம் செய்கிறார். எப்படிச் சமாளிப்பது?

விதண்டை என்பது இந்தியத் தர்க்க மரபான நியாய நூலோர் வகுத்த கலைச்சொல். தனக்கென ஒரு நிலைப்பாட்டை வைக்காமல் எதிராளியுடையதை உடைப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்ட வாதத்துக்கு அந்தப் பெயர். அந்த வரையறையிலேயே மருந்தும் இருக்கிறது. “என் திட்டத்தின் குறைகளைச் சொன்னீர்கள். உங்கள் திட்டம் என்ன? அதற்கு இதே குறைகள் இல்லையா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நிறுத்துங்கள், நீங்களே பதிலையும் சொல்லி அவரைக் காப்பாற்றிவிடாதீர்கள்.

இன்னொரு வகை, சொல்லைத் திரிப்பது. இதற்குச் சலம் என்று பெயர். ‘நவ கம்பளம் வைத்திருக்கிறான்’ என்று ஒருவர் சொல்ல, புதிய கம்பளம் என்ற பொருளை விட்டுவிட்டு, “ஒன்பது கம்பளம் எங்கே?” என்று மடக்குவதுதான் பழைய பாட உதாரணம். இங்கே கோபம் வந்தால் தோற்றீர்கள். “நான் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் சொன்னேன்” என்று ஒரே வரியில் திருத்திவிட்டு மேலே போங்கள். முக்கியச் சொற்களின் பொருளைப் பேச்சின் முதல் நிமிடத்திலேயே சொல்லி வைத்தால் இந்த வழியே அடைபட்டுவிடும்.

மறுப்புரைக்கு ஒரு பழக்கம்: தாளை நெடுக்கில் இரண்டாக மடித்து, இடப்பக்கம் அவர் சொன்னதை ஐந்தாறு சொற்களில் எழுதுங்கள், வலப்பக்கம் உங்கள் பதில். பேசும்போது நான்கு படி: அவர் சொன்னது இது, எனக்கு உடன்பாடு இல்லை, காரணம் இது, அதனால் முடிவு எப்படி மாறுகிறது. நான்காவது படியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். எதிரணியின் சிறிய பிழை ஒன்றைப் பிடித்துவிட்ட பூரிப்பில், அதனால் விவாதத்தின் முடிவு மாறுகிறதா என்று சொல்லாமலே உட்கார்ந்துவிடுகிறார்கள். இடப்பக்கத்தில் எழுதும்போது நேர்மையும் வேண்டும். அவரே “ஆமாம், இதைத்தான் சொன்னேன்” என்று தலையாட்டும்படி அவர் வாதத்தை எடுத்துச் சொல்லிவிட்டு மறுத்தால்தான் அவை நம்பும்.

எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அதையே பேசினால் கேட்பவர்கள் முழிக்கிறார்கள்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. ஆம், இல்லை என்பதும் கடைசியில்தான். “வரியைக் குறைத்தால் உற்பத்தி பெருகும், வேலை கிடைக்கும், விலை இறங்கும் என்று சிலர் முன்வைக்கும் வாதத்தை நான் ஏற்கவில்லை” என்று பேசினால், கடைசிச் சொல் வரும்வரை நீங்கள் அதை ஆதரிப்பதாகவே கேட்பவர் நினைத்துக்கொண்டிருப்பார். பாதி அரங்கம் அதற்குள் தலையாட்டியும் இருக்கும். மேடையில் இதை உடையுங்கள்: “ஒரு வாதத்தை நான் ஏற்கவில்லை. வரியைக் குறைத்தால் விலை இறங்குமாம்.” நிலைப்பாடு முதலில், விவரம் பிறகு. ஒரு வாக்கியம் ஒரே மூச்சில் முடியாவிட்டால் இரண்டாக்குங்கள்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்றும் பலருக்குக் குழப்பம். மையக் கருத்தை எழுத்து நடையிலும் விளக்கத்தைப் பேச்சு நடையிலும் சொல்வது நன்றாகவே எடுபடும். ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கலந்தால்தான் காதில் உறுத்தும்.

பாதியில் மறந்து நின்றுவிடுவேனோ என்று பயம்.

முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்வதால்தான் அந்த நிலை வருகிறது. ஒரு சொல் விடுபட்டால் அடுத்தது வராது, சங்கிலி அறுந்துவிடும். முதல் மூன்று வாக்கியங்களையும் கடைசி இரண்டையும் மட்டும் நெட்டுருப் போடுங்கள். நடுப்பகுதிக்கு ஒரு சின்ன அட்டையில் ஐந்து வரி போதும், ஒவ்வொன்றும் மூன்று சொல்லுக்கு மிகாமல், கை நீட்டினாலும் படிக்கிற அளவு பெரிய எழுத்தில். குறைந்தது நான்கு முறையாவது நின்றுகொண்டு வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறினால் நல்லதே, கருத்து வரிசை மட்டும் மாறக்கூடாது. அப்படியும் மறந்துவிட்டால் கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் ஒருமுறை சொல்லுங்கள். அந்தச் சில நொடியில் அட்டையைப் பார்த்துவிடலாம். உங்களுக்கு யுகமாகத் தெரியும் இரண்டு நொடி மௌனம் கேட்பவருக்கு ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

உணர்ச்சியைத் தூண்டிப் பேசுவது ஏமாற்றா?

அரிஸ்டாட்டில் இணங்கவைக்கும் வழிகளை மூன்றாகப் பிரித்தார்: பேசுபவர்மேல் உள்ள நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதம். உணர்ச்சியையும் முறையான வழியாகவே எண்ணினார். ஏமாற்றா இல்லையா என்று அறிய, உணர்ச்சிப் பகுதியை மட்டும் உருவி எடுத்துப் பாருங்கள். மிச்சம் இருக்கும் காரணம் தானாக நின்றால், நீங்கள் செய்தது கேட்பவரை அக்கறைகொள்ள வைத்தது. விழுந்துவிட்டால் ஏமாற்றுதான். வரிசையும் முக்கியம். ஒரு தனி மனிதரின் நிலையைச் சொல்லிக் கலங்கவைத்தால், உடனே அவர் எத்தனை பேரில் ஒருவர் என்றும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அரிதான ஒன்றை எங்கும் நடப்பதாகக் காட்டிய குற்றம் சேரும்.

தொடக்கம் அமர்க்களமாக இருக்கிறது, முடிவு பிசுபிசுத்துவிடுகிறது.

ஒரு நூலில் இருக்கக்கூடாது என்று நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்று இது: ‘சென்று தேய்ந்து இறுதல்’. (அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், வெற்றெனத் தொடுத்தல் என்று, பல கூட்டங்களின் விமர்சனம் போலவே இருக்கும்.) வழக்கமான காரணம் நேரப் பங்கீடு. ஐந்து நிமிடம் கொடுத்தால் நான்கரை நிமிடத்துக்குத் தயாரியுங்கள். கடைசி வாக்கியத்தை முதலில் எழுதி, பேச்சை அதை நோக்கிக் கட்டுங்கள். மணி அடித்தால் நடுவில் உள்ள ஒரு கருத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நேராக முடிவுக்கு வாருங்கள். எதை விடலாம் என்பதையும் முன்கூட்டியே அட்டையில் குறித்திருக்க வேண்டும். “இன்னும் நிறையச் சொல்லலாம், நேரமில்லை” என்பது முடிவுரை ஆகாது. முடிவில் அவையினர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பது வர வேண்டும்: “இந்த மனுவில் இன்று கையெழுத்திடுங்கள்” என்பதுபோல.

மிகக் குறைந்த நேரம் தந்தால் பேசாமல் இருப்பதே மேலா?

1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில், அன்றைய புகழ்பெற்ற பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் அதிபர் லிங்கன் பேசியது சுமார் இரண்டு நிமிடம். எதை உலகம் வைத்துக்கொண்டது என்று உங்களுக்கே தெரியும். இரண்டு நிமிடத்தில் ஒரு கருத்து, ஒரு காரணம், ஒரு திட்டாந்தம் கொள்ளும். இரண்டாவது கருத்தைத் திணிக்காதீர்கள்.

மைக்கில் என் குரல் வெடிக்கிறது, சில சமயம் வீல் என்று அலறுகிறது.

இரண்டும் வேறு வேறு கோளாறு. சொல்லின் முதலில் ‘ப’ வரும்போது வாயிலிருந்து காற்று நேராக மைக்கில் மோதுவதால் வெடிக்கிறது. மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், நான்கு விரல் அகல இடைவெளியில் பிடியுங்கள். அலறுவது, ஒலிபெருக்கியின் சத்தம் மறுபடி மைக்குக்குள் நுழைந்து சுற்றுவதால். ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்காதீர்கள், மைக்கை அதன் பக்கம் திருப்பாதீர்கள். அலறினால் மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், பொத்தினால் கூடும். ஒலிபெருக்கியிலிருந்து விலகி, மைக்கை வேறு பக்கம் திருப்புங்கள்.