ஐபோன் செயலியில் நேவிகேஷன் பாரின் நிறம் ஏன் நிலைப்பதில்லை?

கேள்வி: துணிக்கடை ஒன்றுக்காக ஐபோன் செயலியை ஸ்விஃப்ட் மொழியில், திரைகளை அமைக்க உதவும் ஆப்பிளின் யுஐகிட் கொண்டு எழுதியிருக்கிறேன். கடையின் பெயர்ப்பலகையில் உள்ள மெரூன் நிறத்தையே, திரையின் மேல்பகுதியில் தலைப்பும் பின்செல்லும் பொத்தானும் இருக்கும் நேவிகேஷன் பாருக்கும் ‘பார் டின்ட் கலர்’ மூலம் கொடுத்திருந்தேன். சில ஆண்டுகளாகக் கிடப்பில் இருந்த அந்தச் செயலியை இப்போது, செயலிகளை உருவாக்கும் ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடின் புதிய பதிப்பில் தொகுத்தால், திரை திறக்கும்போது பார் வெள்ளையாக இருக்கிறது. பட்டியலை நகர்த்திய பிறகுதான் மெரூன் வருகிறது. பட்டியல் இல்லாத திரைகளில் நிறம் வருவதே இல்லை. மேலே உள்ள கடிகாரமும் பேட்டரிக் குறியும் கறுப்பாகவே நிற்கின்றன. தள்ளுபடித் திரைக்கு மட்டும் ஆரஞ்சு வேண்டும் என்றும் கடைக்காரர் கேட்கிறார். இவற்றை எப்படிச் சரிசெய்வது?

பதில்: நீங்கள் எழுதிய காலத்தில் அந்த நிரல் சரியானதுதான், அதன்பின் விதி மாறிவிட்டது. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸில், 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதல், பட்டையின் (நேவிகேஷன் பாரின்) பின்னணிக்கு ‘பார் டின்ட் கலர்’, அதன் மேலுள்ள பொத்தான்களுக்கு ‘டின்ட் கலர்’ என்ற இரண்டு பண்புகளே பெரும்பாலான செயலிகளுக்குப் போதுமானவையாக இருந்தன. 2017இல் ஐஓஎஸ் 11 பெரிய தலைப்புகளைக் கொண்டுவந்த பிறகு, பட்டை ஒரே தோற்றத்தில் நிற்பது என்ற நிலை மெல்ல மாறத் தொடங்கியது. 2019இல் வந்த ஐஓஎஸ் 13, பட்டையின் நிறம், தலைப்பெழுத்து, அடிக்கோடு, பொத்தான்கள் ஆகிய அனைத்தையும் ஒரே பொருளுக்குள் அடக்கும் ‘யுஐ நேவிகேஷன் பார் அப்பியரன்ஸ்’ என்ற வகுப்பை அறிமுகப்படுத்தியதோடு, பட்டை இருக்கும் நிலைக்கு ஏற்ப வெவ்வேறு தோற்றங்களைக் கொடுக்கவும் வழிசெய்தது. ஆனால் அப்போது பெரிய தலைப்புள்ள திரைகளில் மட்டுமே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தது. 2021இல் ஐஓஎஸ் 15 அதை எல்லா நேவிகேஷன் பார்களுக்கும் பொதுவாக்கியது. எக்ஸ்கோட் 13 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் தொகுக்கப்படும் எந்தச் செயலிக்கும் இந்த நடைமுறை பொருந்தும் என்பதால்தான், பழைய தொகுப்பில் ஒழுங்காக இருந்த நிறம் உங்களுக்கு இப்போது மறைகிறது.

பட்டையின் நிலைகளைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும். திரையின் உள்ளடக்கம் நகர்ந்து பட்டைக்கு அடியில் செல்லும்போது ‘ஸ்டாண்டர்ட் அப்பியரன்ஸ்’ என்ற தோற்றம் நடைமுறைக்கு வருகிறது. உள்ளடக்கம் அதன் தொடக்க விளிம்பிலேயே நிற்கும்போது, அதாவது திரை திறந்தவுடன் பயனர் பார்க்கும் நிலையில், ‘ஸ்க்ரோல் எட்ஜ் அப்பியரன்ஸ்’ என்பதே பட்டையை ஆள்கிறது. இந்த இரண்டாவதற்கு நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால், முதல் தோற்றத்தையே எடுத்துக்கொண்டு அதன் பின்னணியை மட்டும் ஒளிபுகும்படி ஆக்கிவிடுகிறது இயங்குதளம். நகரும் பட்டியல் இல்லாத திரை எப்போதும் விளிம்பிலேயே நிற்பதாகக் கொள்ளப்படுவதால், அங்கே உங்கள் மெரூன் தோன்ற வாய்ப்பே இல்லாமல் போகிறது. சிலருக்கு வெள்ளைக்குப் பதிலாகக் கறுப்புப் பட்டை தெரிவதும் இதே காரணத்தால்தான்: ‘இஸ் ட்ரான்ஸ்லூசென்ட்’ பண்பை அணைத்துவைத்திருந்தால் திரையின் உள்ளடக்கம் பட்டைக்குக் கீழேதான் தொடங்கும், அப்போது ஒளிபுகும் பட்டையின் வழியே தெரிவது பின்னால் இருக்கும் வெற்றுச் சாளரம். ஐபோனைக் கிடைவாட்டில் திருப்பும்போது பட்டை 44 புள்ளி உயரத்திலிருந்து 32 புள்ளிக்குச் சுருங்கும் நிலைக்கென ‘காம்பாக்ட்’ என்ற பெயரில் தனித் தோற்றங்கள் இருக்கின்றன; அவற்றை விட்டுவிட்டாலும் மேற்சொன்ன இரண்டையே இயங்குதளம் பயன்படுத்திக்கொள்ளும் என்பதால் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆகவே, தோற்றப் பொருள் ஒன்றை உருவாக்குங்கள். முதல் வேலையாக ‘கான்ஃபிகர் வித் ஒபேக் பேக்ரவுண்ட்’ என்ற முறையை அழையுங்கள். அதன் பிறகே ‘பேக்ரவுண்ட் கலர்’ பண்பில் மெரூனைக் கொடுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது, ஏனெனில் அந்த முறை பின்னணி நிறத்தையும் நிழற்கோட்டையும் இயல்புநிலைக்குத் திருப்பிவிடும். நிறத்தை முன்பே கொடுத்திருந்தால் அது அழிந்துபோகும். தலைப்பின் நிறத்தை ‘டைட்டில் டெக்ஸ்ட் ஆட்ரிபியூட்ஸ்’, ‘லார்ஜ் டைட்டில் டெக்ஸ்ட் ஆட்ரிபியூட்ஸ்’ ஆகிய இரண்டிலும் வெள்ளையாக அமையுங்கள். பெரிய தலைப்பை இப்போது பயன்படுத்தாவிட்டாலும் இரண்டையும் சேர்த்தே எழுதிவைப்பது பின்னாளில் ஒரு திரையில் கறுப்புத் தலைப்பு திடீரென முளைப்பதைத் தவிர்க்கும். பட்டைக்கும் திரைக்கும் இடையே தெரியும் மெல்லிய கோடு வேண்டாமென்றால் ‘ஷேடோ கலர்’ பண்பை ஒளிபுகும் நிறமாக்குங்கள். இவையெல்லாம் முடிந்த பின்னர், அந்தப் பொருளைப் பட்டையின் ‘ஸ்டாண்டர்ட்’, ‘ஸ்க்ரோல் எட்ஜ்’ தோற்றங்கள் இரண்டுக்கும் ஒப்படைத்துவிடுங்கள். பட்டை தன்னிடம் தரப்படும் பொருளின் நகலையே வைத்துக்கொள்கிறது. ஒப்படைத்த பிறகு மூலப் பொருளில் நிறத்தை மாற்றினால், அதை மறுபடியும் ஒப்படைக்கும் வரை திரையில் மாற்றம் தெரியாது. பின்செல்லும் அம்புக்குறியின் நிறம் மட்டும் தோற்றப் பொருளுக்குள் வராமல் பட்டையின் ‘டின்ட் கலர்’ பண்பிலேயே இன்றும் இருக்கிறது, அதையும் வெள்ளையாக்குங்கள். பழைய ‘பார் டின்ட் கலர்’ வரியை மறக்காமல் நீக்கிவிடுங்கள். இரண்டு முறைகளும் ஒரே செயலியில் கலந்து கிடந்தால், எந்தத் திரையில் எது வென்றது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

இந்த நிரலை எங்கே வைப்பது என்பது பலரும் யோசிக்காமல் விட்டுவிடும் கேள்வி. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான எடுத்துக்காட்டுகள், ‘யுஐ நேவிகேஷன் பார்’ வகுப்பின் பொதுத் தோற்றத்தையே செயலி தொடங்கும்போது மாற்றச் சொல்கின்றன. அது சுருக்கமான வழிதான். ஆனால் அந்தப் பொதுத் தோற்றம், இயங்குதளமே திறந்துகாட்டும் மின்னஞ்சல் எழுதும் திரை, கோப்பு தேர்ந்தெடுக்கும் திரை போன்றவற்றையும் தொட்டுவிடக்கூடும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளைப் பொத்தான் அமர்ந்து, ‘ரத்துசெய்’ என்ற சொல்லே பயனருக்குத் தெரியாமல் போகும் நிலை அப்படித்தான் உண்டாகிறது. மேலும், ஏற்கெனவே திரையில் தோன்றிவிட்ட பட்டைகளை அந்த மாற்றம் எட்டாது. என் பரிந்துரை, ‘யுஐ நேவிகேஷன் கண்ட்ரோலர்’ வகுப்பிலிருந்து உங்களுக்கென ஒரு துணைவகுப்பை உருவாக்கி, அது ஏற்றப்பட்டதும் ஓடும் ‘வியூ டிட் லோட்’ முறைக்குள் மேற்சொன்ன அமைப்பை எழுதுவதாகும். நிறம் உங்கள் திரைகளோடு நின்றுகொள்ளும். கடிகாரச் சிக்கலுக்கான தீர்வும் இதே துணைவகுப்பில்தான் அமையப்போகிறது.

கடிகாரமும் பேட்டரிக் குறியும் இருக்கும் மேல்வரிசையான ஸ்டேட்டஸ் பாரின் எழுத்து நிறத்தை ஒவ்வொரு திரையும் ‘ப்ரிஃபர்ட் ஸ்டேட்டஸ் பார் ஸ்டைல்’ மூலம் தெரிவிக்கலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படித் தெரிவித்தும் மாறவில்லை என்பது பரவலான புகார். நேவிகேஷன் கண்ட்ரோலருக்குள் இருக்கும் திரையின் விருப்பத்தை இயங்குதளம் நேரடியாகக் கேட்பதில்லை, கண்ட்ரோலரைத்தான் கேட்கிறது, கண்ட்ரோலரோ, பட்டை தெரியும் வரையில், தன் பட்டையின் ‘பார் ஸ்டைல்’ பண்பைப் பார்த்தே முடிவெடுக்கிறது. எல்லாத் திரைகளுக்கும் வெள்ளை எழுத்து போதுமென்றால், துணைவகுப்பில் ‘பார் ஸ்டைல்’ பண்பைக் கறுப்பு என்று அமைத்தால் போதும். பின்னணி மெரூனாகவே இருக்கும், எழுத்துகள் மட்டும் வெள்ளையாகும். திரைக்குத் திரை மாற வேண்டுமென்றால், ‘சைல்ட் ஃபார் ஸ்டேட்டஸ் பார் ஸ்டைல்’ என்பதை மேலெழுதி, அப்போது மேலே இருக்கும் திரையைத் திருப்பிக் கொடுங்கள்.

தள்ளுபடித் திரைக்கு வருவோம். அந்தத் திரை தோன்றும்போது பட்டையை ஆரஞ்சாக்கி, மறையும்போது மீண்டும் மெரூனாக்கும் பழக்கம் பலரிடம் உண்டு, அதைக் கைவிடுங்கள். பயனர் இடது ஓரத்திலிருந்து இழுத்துப் பின்செல்லத் தொடங்கி, பாதியில் மனம் மாறி விரலை விட்டுவிட்டால், பட்டையின் நிறம் விரலின் அசைவோடு ஒத்துப்போகாமல் தடுமாறக்கூடும். ஐஓஎஸ் 13 முதல் ஒவ்வொரு திரையின் ‘நேவிகேஷன் ஐட்டம்’ என்பதற்கும் சொந்தமாக ‘ஸ்டாண்டர்ட்’, ‘ஸ்க்ரோல் எட்ஜ்’ தோற்றங்களைக் கொடுக்க முடியும். ஆரஞ்சுத் தோற்றத்தை அங்கே கொடுத்துவிட்டால், திரைகள் மாறும்போதும் பாதியில் திரும்பும்போதும் நிறத்தை மாற்றும் பொறுப்பை இயங்குதளமே ஏற்றுக்கொள்ளும்.

எந்த ஆரஞ்சு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள், சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 என்ற ஒளிவேறுபாட்டைக் கேட்கின்றன. செயலிகளுக்கும் அதே அளவுகோலைக் கைக்கொள்வது முறை. சிவப்பு 128, பச்சை 0, நீலம் 0 என்ற மெரூனில் வெள்ளை எழுத்து ஏறக்குறைய 11க்கு 1 என்ற அளவில் தெளிவாக நிற்கிறது. ஆனால் 255, 152, 0 என்ற பளிச்சென்ற ஆரஞ்சில் அதே வெள்ளை எழுத்தின் வேறுபாடு 2.2க்கு 1 அளவில்தான் இருக்கும்; வெயிலில் நின்று தொலைபேசியைப் பார்ப்பவருக்கும், பார்வை மங்கிய முதியவருக்கும் தலைப்பு கரைந்துபோகும். அந்த ஆரஞ்சே வேண்டுமென்று கடைக்காரர் வலியுறுத்தினால் எழுத்தைக் கறுப்பாக்க வேண்டும். அப்போது அம்புக்குறியின் நிறம் திரைவாரியாக மாறாது என்பதால், ஆரஞ்சுத் தோற்றத்திலேயே ‘செட் பேக் இண்டிகேட்டர் இமேஜ்’ முறையின் வழியே, நிறம் மாறாத வகையில் அமைத்த கறுப்பு அம்புக்குறிப் படத்தைக் கொடுக்க நேரிடும். இந்தச் சுற்றுவழியைவிட, 191, 54, 12 போன்ற அடர்ந்த ஆரஞ்சைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அதில் வெள்ளை எழுத்து 5.6க்கு 1 என்ற அளவைத் தொடுவதால் அம்புக்குறி, கடிகாரம், தலைப்பு எதையும் மாற்ற வேண்டியிராது. எக்ஸ்கோடோடு வரும் அக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டரில் இந்த வேறுபாட்டைக் கணக்கிடும் கருவி இருக்கிறது. கடைக்காரர் முன்னால் அதைத் திறந்து காட்டினால் வாதம் சீக்கிரம் முடியும்.

புதிய திரைகளை, யுஐகிட்டுக்குப் பின் வந்த ஆப்பிளின் ஸ்விஃப்ட்யுஐயில் எழுதுவதானால், ஐஓஎஸ் 16 முதல் கிடைக்கும் ‘டூல்பார் பேக்ரவுண்ட்’ என்ற மாற்றியை (மாடிஃபையர்) நிறத்துக்கு ஒருமுறையும், அந்தப் பின்னணி எப்போதும் தெரிய வேண்டும் என்று சொல்ல மற்றொரு முறையும் பயன்படுத்துங்கள்; இரண்டாவதை விட்டுவிட்டால் நீங்கள் எழுதிய அதே சிக்கல் அங்கேயும் தோன்றும். எழுத்தை வெள்ளையாக்க ‘டூல்பார் கலர் ஸ்கீம்’ உதவும்.

இனி, முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயம். 2025இல் வந்த ஐஓஎஸ் 26, லிக்விட் கிளாஸ் என்ற கண்ணாடித் தோற்றத்தைப் பட்டைகளுக்கும் பொத்தான்களுக்கும் கொண்டுவந்துள்ளது. பட்டைகளுக்கு நாமே பூசும் பின்னணி அந்தக் கண்ணாடி விளைவோடு மோதக்கூடும் என்பதால், அவற்றைக் குறைத்துக்கொள்ளும்படி ஆப்பிள் அறிவுறுத்துகிறது. ‘யுஐ டிசைன் ரிக்வயர்ஸ் கம்பேட்டிபிலிட்டி’ என்ற குறிப்பைச் செயலியின் தகவல் கோப்பில் சேர்த்தால் பழைய தோற்றத்திலேயே நீடிக்கலாம். ஆனால் அது இடைக்கால ஏற்பாடு மட்டுமே. எனவே, இப்போதைய பதிப்பில் மேற்சொன்னபடி மெரூனை நிலைநிறுத்துங்கள். அடுத்த பதிப்பில் பட்டையை அதன் இயல்புக்கு விட்டுவிட்டு, கடையின் நிறத்தை முகப்புப் படம், விலைச்சீட்டு, ‘வாங்கு’ பொத்தான் ஆகியவற்றுக்கு மாற்றுவதைக் கடைக்காரரோடு இப்போதே பேசத் தொடங்குங்கள். வாடிக்கையாளரின் கண் அதிகம் தங்குவதும் அங்கேதான்.

வெளியிடும் முன், நீண்ட பட்டியல் உள்ள திரை, பட்டியலே இல்லாத திரை, கிடைவாட்டு நிலை, இருண்ட பயன்முறை, பாதியில் கைவிட்ட பின்செல்லல் ஆகிய ஒவ்வொன்றிலும் செயலியை ஓட்டிப் பாருங்கள். ஒரு பட்டியலை நகர்த்தியும் பட்டை தன் நிலையை மாற்றிக்கொள்ளாவிட்டால், அந்தத் திரையில் ஒன்றுக்கு மேற்பட்ட நகரும் பகுதிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், எதைக் கவனிக்க வேண்டும் என்பதை ஐஓஎஸ் 15இல் சேர்க்கப்பட்ட ‘செட் கன்டென்ட் ஸ்க்ரோல் வியூ’ முறையின் மூலம் நீங்களே சுட்டிக்காட்டிவிடலாம்.