பதியாத விரல்

அன்புள்ள சாருக்கு,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு ரேஷன் கடையில் விற்பனையாளராக வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன மாதம் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்த கை. நான்கு முறை விரல் வைத்தும் இயந்திரத்தில் ரேகை விழவில்லை. ஓடிபி வரும் போன் மகனிடம், மகன் வளைகுடாவில். பதிவேட்டில் விவரம் எழுதி, கையெழுத்து வாங்கி, அரிசியைக் கொடுத்து அனுப்பினேன். வேலையில் மூத்தவர் ஒருவர், "விவேகம் இல்லாம நடக்கிய. நாளைக்கு ஆடிட்ல யாரு பதில் சொல்லுவா?" என்றார். அடுத்த வாரம் அவரே, ஆள் வராத மூன்று கார்டுகளுக்கு அதே பதிவேட்டில் எழுதிப் பொருள் கொடுக்கச் சொன்னார். தயங்கினேன். "தெரிஞ்ச ஆளுவதான், கொஞ்சம் விவேகமா நடந்துக்கிடு" என்றார். விவேகம் என்பது பயத்துக்கும் சலுகைக்கும் வைத்த நல்ல பெயர்தானா? நான் செய்தது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா இருபத்திரண்டு வருடம் அண்டி ஆபீஸில் இருந்தவர். "அந்தப் பிள்ளை செஞ்சது சரிதான்னு எழுது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கும் அதற்கு மேல் தீர்ப்பு இல்லை. ஆனால் ஏன் சரி என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். நாளை அந்தக் கடையில் தனியாக நிற்கப்போவது நீங்கள்.

முந்திரித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலைத் தின்னும். அதற்காகச் சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் அண்டி தல்லுவார்கள், அதாவது முந்திரிக்கொட்டையை உடைப்பார்கள். அப்படியும் தப்பாது. அம்மாவின் வலது கட்டைவிரல் நுனி இன்றைக்கும் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருக்கும். நகத்தின் ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. வேலையை விட்டு எத்தனையோ வருடமாகியும் அது போகவில்லை. நம் மாவட்டத்தில் இப்படிப்பட்ட விரல்கள் எத்தனை வீட்டில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடைசிச் சில வருடங்கள் அம்மா பருப்புத் தரம் பிரிக்கும் இடத்தில் இருந்தார். முழுப் பருப்பு, இரண்டாகப் பிளந்தது, பொடிந்தது, கருகியது என்று தனித்தனியே ஒதுக்க வேண்டும். முழுப் பருப்பிலும் பருமன் பார்க்க வேண்டும். டபிள்யூ 240 என்றால் ஒரு பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு. டபிள்யூ 320 என்றால் 300 முதல் 320. தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. கண்ணும் விரலும் சேர்ந்து முடிவெடுக்கும். விவேகம் என்ற சொல்லுக்கு மூலப் பொருள் இதுதான்: பிரித்தறிதல். ஒன்றுபோலத் தோன்றும் இரண்டைப் பிரித்து வைப்பது.

உங்கள் முன் வந்த இரண்டும் அப்படித்தான். இரண்டிலும் ரேகை இல்லை, இரண்டும் ஒரே பதிவேட்டில் ஏறக்கூடியவை. பிரிக்க என்ன வழி? ரேகை வைக்க வேண்டும் என்ற விதி எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். ரேஷன் அரிசி மூட்டை மூட்டையாகக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிப் போவது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒருவருடைய பங்கை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது என்பதற்குத்தான் அந்த இயந்திரம். நிற்பது கார்டுக்கு உரிய ஆள்தானா என்பது ஒன்றுதான் அதன் கேள்வி. அந்த அம்மா கார்டோடு நேரில் நின்றார். விரல் சொல்லாத பதிலை உங்கள் கண் சொல்லிவிட்டது. ஆள் வராத மூன்று கார்டுகளில் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அந்த அம்மாவுக்குக் கொடுத்ததில் விதியின் நோக்கம் நிறைவேறியது. அந்த மூன்றிலும் எந்தக் களவைத் தடுக்க விதி வந்ததோ அதையே செய்யச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் விதியை மீறவே இல்லை. கைரேகை பொருந்தவில்லை என்பதற்காக உரியவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, விவரத்தைத் தனியாகப் பதிந்துவிட்டுப் பொருளைக் கொடுக்க வேண்டும் என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. இரக்கப்பட்டுச் செய்வதாக நாம் நினைக்கும் பல காரியங்களுக்கு விதியிலேயே வாசல் இருக்கிறது. முழுவதும் படிக்காததால்தான் அது நம் கண்ணில் படுவதில்லை.

அதிகாரியின் கையில் விடப்படும் முடிவைச் சட்டத் தமிழில் நாம் 'விருப்புரிமை' என்கிறோம். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு குறை உண்டு. உள்ளே விருப்பம் உட்கார்ந்திருப்பதால், இஷ்டம்போலச் செய்யலாம் என்று தொனிக்கிறது. இலங்கைத் தமிழர் சொல்லும் 'தற்றுணிபு' மேல்; துணிந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் தெரிகிறது. 1598இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு வந்தது. தேம்ஸ் நதிக்கரையைச் செப்பனிட்ட செலவு முழுவதையும் கரையோரம் நிலம் வைத்திருந்த ஒரே ஆளின் தலையில் கட்டினார்கள் ஆணையர்கள். கரையால் பயனடைந்தவர்களோ பலர். எங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்பது அவர்கள் வாதம். அதிகாரம் இருந்தாலும் அது நியாயம் எது, அநியாயம் எது என்று பகுத்தறிவதற்குத்தான், சொந்த விருப்பு வெறுப்புக்கு அதில் இடமில்லை என்று முடிவானது. ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் எழுதிவைத்த அந்த வாக்கியத்தை இன்றும் நீதிமன்றங்களில் எடுத்துச் சொல்கிறார்கள். உங்கள் மூத்தவர் கேட்டது அந்த ஆணையர்கள் கேட்டதைத்தான்.

ஆனால் ஆடிட் என்று அவர் பயப்படுவதைத் தள்ளிவிடாதீர்கள். கணக்கில் குறை வந்தால் பிடிப்பது உங்கள் சம்பளத்தில். அதனால் பதிவேட்டில் தேதி, நேரம், எத்தனை முறை முயன்றீர்கள், ஏன் கொடுத்தீர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தை வட்ட வழங்கல் அலுவலகத்தில் நீங்களே காட்டுங்கள். அந்த மூன்று கார்டு விஷயத்தில் வாய்வார்த்தைக்கு நகராதீர்கள். "எழுத்தில குடுங்க அண்ணா, அப்படியே செஞ்சிடுகேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டும். ரேகை விழாதபோது அதை எப்படிச் சொன்னீர்கள்? வரிசையில் இருபது பேர் நிற்க, "ஒங்களுக்கு விழல, தள்ளி நில்லுங்க" என்று சத்தமாகச் சொன்ன ஒரு கடையிலிருந்து அம்மா வெறும் பையோடு திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். அன்று முழுவதும் அவர் கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தார். அரிசி இல்லாமல் போனதைவிட எனக்கு வலித்தது அந்தக் கை. குரலைத் தாழ்த்தி, "அம்மா, இப்படி வந்து உக்காருங்க, நான் எழுதிக்கிடுகேன்" என்பதற்குச் செலவு எதுவும் இல்லை. நீங்கள் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள் என்று கடிதத்தை வைத்து நம்புகிறேன்.

பல கடைகளில் கருவிழிப் பதிவும் வந்துவிட்டது. உங்கள் கடைக்கு எப்போது என்று கேட்டு வையுங்கள். அடுத்த மாதம் அந்த அம்மா வந்தால், எந்த அண்டி ஆபீஸில் இருந்தார், எந்த வருடம் என்று விசாரித்து எழுதுங்கள். அம்மாவுக்கு அது தெரிய வேண்டுமாம். கூட இருந்து தல்லினவர் யாராவதாக இருக்கும் என்கிறார்.