மூடிய குடுவைக்குள் கள்ளி அழுகுவது ஏன்?

கேள்வி: சென்னையில் வசிக்கிறேன். மூடியிட்ட கண்ணாடிக் குடுவையில் எச்சிவேரியா என்ற சதைப்பற்றுச் செடி, சிறு கள்ளி, பச்சைப் பாசி வைத்த டெராரியம் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். இரண்டே மாதத்தில் கண்ணாடியெங்கும் நீர் படர்ந்து, செடிகளின் அடி குழைந்து, வெண்பூஞ்சை பிடித்துவிட்டது. விற்றவர் பூஞ்சைக்கொல்லியும் கரித்தூளும் வாங்கிப் போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். மூடிய குடுவைக்குள் வைக்கவே கூடாத செடிகளை வைத்து உங்களிடம் விற்றிருக்கிறார்கள். இப்போது அதற்கு மருந்தும் விற்கப் பார்க்கிறார்கள்.

மூடிய குடுவையில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் எழும் ஆவி கண்ணாடியில் துளியாகி மண்ணுக்கே திரும்பும். 1829ஆம் ஆண்டளவில் லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்காக ஈர மண் இட்டு மூடிவைத்த போத்தலில் தாமாக முளைத்தவை புல்லும் ஈர நிழலில் வளரும் பெரணியுமே. எச்சிவேரியாவும் கள்ளியும் வறண்ட நிலத்துக்குரியவை. தண்ணீரை உடலிலேயே சேமித்துக்கொள்ளும் அவற்றின் வேர், ஓயாத ஈரத்தில் அழுகாமல் இருக்க வழியில்லை. கரித்தூள் சற்று வாடையைப் போக்குமே தவிர அழுகலைத் தடுக்காது. அடியில் பரப்பிய கூழாங்கல்லும் வடிகால் ஆகாது. துளையில்லாத பாத்திரத்தில் மிஞ்சிய நீர் அங்கேயே தேங்கும்.

பிஸ்கட் பொட்டலத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அச்சிட விதி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் குடுவையில் இருப்பது என்ன செடி, அது மூடியைத் தாங்குமா என்று ஒரு வரி எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ‘வாழ்நாள் முழுவதும் தண்ணீர் தேவையில்லை’ என்ற விளம்பரம் மட்டும் தடையின்றி ஓடிக்கொண்டிருக்கிறது.

சதைப்பற்றுச் செடிகளைக் கண்ணாடியில் வளர்க்க ஒரு விதிவிலக்கு உண்டு. வியாபாரிகள் அதைத் தமக்கு வசதியாக வளைத்துக்கொள்வதால் விரிவாகவே சொல்கிறேன். பாத்திரம் மூடியில்லாமல், உயரத்தைவிட வாய் அகலமாக இருக்க வேண்டும்; குறுகிய கழுத்துள்ள ஜாடியின் மூடியைக் கழற்றிவிட்டு அதைத் ‘திறந்த டெராரியம்’ என்று விற்பது ஏமாற்று. கலவையில் பாதிக்கு மேல் பெருமணல் இருக்க வேண்டும். வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) ஆகாது. மண் அடிவரை காய்ந்த பிறகே ஓரிரு கரண்டி நீர் விட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. இத்தனை செய்தாலும் துளையுள்ள மண்தொட்டியில் அதே செடி இன்னும் நன்றாக வளரும் என்பதே என் எண்ணம்.

பாசியையும் சோதித்துப் பாருங்கள். ஒரு சிட்டிகையை வெள்ளைக் கிண்ணத்து நீரில் போட்டுப் பச்சைச் சாயம் இறங்கினால் அது உயிரற்ற, சாயமேற்றிய பாசி. ‘மலைப்பாசி’ என்று இடைத்தரகர்கள் தருவது காட்டுப் பாறையிலிருந்தும் மரத்திலிருந்தும் உரித்ததாக இருக்கலாம். குளிருக்குப் பழகிய அது சென்னை வெயில்காலத்தைத் தாங்குவதும் அரிது. மழைக்குப் பின் உங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரில் படரும் பாசியே போதும்.

இப்போது எச்சிவேரியாவில் அழுகாத நுனி இருந்தால் வெட்டி, சில நாள் நிழலில் உலர்த்தி, மணல் கலந்த தொட்டியில் நடுங்கள். குழைந்த செடிகளையும் பழைய மண்ணையும் அகற்றிக் குடுவையைக் கழுவிக் காயவைத்து, புதுக் கலவை இட்டு, ஈரம் விரும்பும் சிறு இலைச்செடியான ஃபிட்டோனியாவும் ஒரு சிறு பெரணியும் வையுங்கள். வெளியேற வழியின்றி உப்பு மண்ணிலேயே தங்கும் என்பதால் ஆழ்குழாய் நீரைத் தவிர்த்து, மழைநீரோ ஆர்.ஓ. நீரோ மண் நனையும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். நேர்வெயில் படும் மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் செடியை அவித்துவிடும். வெளிச்சமான நிழல் போதும். காலையில் ஒரு பக்கம் மெல்லிய நீர்ப்படலம் தோன்றி மறைவது இயல்பு. நாள் முழுவதும் நீர்ப்படலம் கண்ணாடியை மறைத்தால் மூடியைச் சில மணி நேரம் திறந்துவையுங்கள், மறுநாளும் அப்படியே இருந்தால் மீண்டும் திறங்கள்.