தொங்கு கூடையில் வாடும் பெட்டூனியா

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் உங்கள் வராந்தாக் கூடையிலுள்ள பெட்டூனியா, நாள்தோறும் தண்ணீர் ஊற்றியும் வாடுகிறது, கொடி நுனியில் மட்டுமே பூக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கூடையின் நடுவே விரலை விட்டுப் பாருங்கள்: கலவை பொடியாக உதிர்ந்தால், காய்ந்துபோன பீட் (கலவையிலுள்ள மட்கிய பாசி) நீரை ஏற்காமல், ஊற்றியதெல்லாம் தென்னைநார் ஓரமாக வழிந்துவிடுகிறது என்று பொருள். கூடையை இறக்கி, அகன்ற தொட்டித் தண்ணீரில் குமிழிகள் அடங்கும்வரை அமிழ்த்தி வையுங்கள். பிறகு கொடிகளைப் பாதியளவு வெட்டுங்கள்; ஒவ்வொன்றிலும் சில இலைகள் மிஞ்ச வேண்டும், ஏனெனில் அந்தக் கணுக்களிலிருந்தே புதுக் கிளைகள் துளிர்க்கும். வாரம் ஒருமுறை நீர்த்த திரவ உரம் போதும். டர்பனின் புழுக்கமான மழைக்கோடை பெட்டூனியாவுக்கு ஒவ்வாது. மார்ச், ஏப்ரலில் நட்டால் குளிர்காலத்தில் நன்றாகப் பூக்கும். கோடைமாதமான டிசம்பரின் வெயிலுக்குப் பத்துமணிப் பூவையே நான் பரிந்துரைப்பேன்.