கேளுங்க சொல்றேன்: வெறும் லிங்க் போட்டா யாரு தொறப்பா?

பெரம்பூர் வாசகர், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர்: எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல தெனமும் தேடிப்பிடிச்சு அறிவியல், வரலாறுன்னு ஏதாவது போடுறேன். ஒருத்தரும் கண்டுக்கறதில்ல. மச்சினி ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் சொன்னா ஆளாளுக்கு கை கூப்புறாங்க. நான் என்னதான் செய்யறது?

சார், ரோஜாப்பூவோட மோதாதீங்க, ஜெயிக்க முடியாது. லெட்டரோட நீங்க அனுப்பின ஸ்க்ரீன்ஷாட்ட பாத்தேன், மொட்டையா ஒரு லிங்க், இங்கிலீஷ் தலைப்பு, மேல பெருசா "மஸ்ட் ரீட்". கட்டாயம் படின்னு சொன்னா நம்மாளுங்க படிக்க மாட்டாங்க, ஸ்கூல்லயே அப்படித்தான். அந்தக் கட்டுரைல எந்த எடத்துல உங்களுக்கு "அட"ன்னு தோணுச்சோ அத மட்டும் ரெண்டு மூணு வரில, வீட்ல பேசற மாதிரி எழுதுங்க, லிங்க் அதுக்குக் கீழ வரட்டும்.

நீங்க போட்டதுலயே அத்திரம்பாக்கம் பத்தி 2018-ல நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகைல வந்த கட்டுரைய எடுத்துக்குவோம். "மத்தியப் பழங்கற்காலம்"னு பாத்தவுடனே உங்க சித்தப்பா பையன் தள்ளிட்டுப் போயிருப்பான். இப்படிப் போட்டுப் பாருங்க: "நம்ம பூண்டி ஏரிக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கம்னு ஒரு ஊர், அங்க சுமார் 3,85,000 வருஷத்துக்கு முன்னாடியே கோடாரி மாதிரி பெரிய கல்லு செய்யறத கொறச்சுட்டு, சின்னச்சின்னதா கூர்மையா சீவி எடுக்கற புது முறைக்கு ஆளுங்க மாறிட்டாங்களாம், மண்ணுத் துகள் கடைசியா எப்ப வெயில பாத்துச்சுன்னு லேப்ல அளந்துதான் இந்த வயச கண்டுபிடிச்சிருக்காங்க. ஆனா செஞ்சவங்க எலும்பு ஒண்ணுகூட அங்க கெடைக்கல, அதனால அது யாருன்னு யாருக்கும் தெரியாது."

கூடவே ஒரு வரி சேத்துக்குங்க. இந்தக் கதை ஆரம்பிச்சதே பல்லாவரத்துலதான். 1863 மே 30, ராபர்ட் புரூஸ் ஃபூட்னு ஜியாலஜிக்கல் சர்வேல இருந்த வெள்ளைக்காரர், பல்லாவரம் கண்டோன்மெண்ட் பக்கத்துல சரளைக்கல்லு தோண்டின குழிலேர்ந்து மனுஷன் கையால செதுக்கின கல்லு ஒண்ண எடுத்தார். இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்துச்சுன்னு ஒலகத்துக்குத் தெரிஞ்சதே அதுக்கப்புறம்தான். அவரு சேத்த கல்லுல பெரும்பகுதி எக்மோர் மியூசியத்துக்குத்தான் வந்துச்சு. குரூப்ல பல்லாவரத்துக்காரங்க ஒருத்தராவது இருப்பாங்க, அவங்க கண்டிப்பா வாயத் தொறப்பாங்க.

வேளச்சேரி வாசகர்: மாமனார் தெனம் ஒரு ஃபார்வர்ட் அனுப்புறார். தஞ்சாவூர் பெரிய கோயில் நிழல் தரைல விழாதாம், திருநள்ளாறு மேல சாட்டிலைட் 3 செகண்ட் நின்னுடுமாம். திருத்தினா கோவிச்சுக்கறார். திருத்தாம இருக்கவும் முடியல.

நாலு பேர் பாக்கற எடத்துல வெச்சு மாமனாரத் திருத்தறது எந்தக் காலத்துலயும் நல்லதுக்கில்ல. தனியா, காபி கைல இருக்கறப்ப பேசுங்க. அதுவும் "மாமா அது பொய்"னு ஆரம்பிக்காதீங்க, அந்தக் கோயில் மேல அவருக்கு பெருமை, அந்தப் பெருமைய புடுங்கிட்டு வெறுங்கையோட அனுப்பினா யாருக்குத்தான் கோவம் வராது. பதிலுக்கு நெஜமானது ஒண்ணக் குடுங்க, அங்க அது கொட்டிக் கெடக்கு.

நிழல் நல்லாவே விழுது, சாயங்காலம் போனா நம்ம ஜனங்க அந்த நிழல்லதான் ஒக்காந்திருக்காங்க. அத விட்டுட்டு செவுத்தப் பாக்கச் சொல்லுங்க. ராஜராஜன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி வெட்டி வெச்ச கல்வெட்டுல, வேற வேற ஊர் கோயில்கள்லேர்ந்து கூட்டிட்டு வந்த சுமார் 400 ஆடல் பெண்கள், தளிச்சேரிப் பெண்டுகள்னு சொல்வாங்க, அவங்க பேரு, எந்தக் கோயில்லேர்ந்து வந்தாங்க, எந்தத் தெரு, தெருவுல எந்தப் பக்கம், எத்தனாவது வீடு, எல்லாம் இருக்கு. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெக்குப் பக்க வரிசை), மொதல் வீடு: சேரமங்கை, திருவையாத்துலேர்ந்து வந்தவங்க, பங்கு ஒண்ணு. பங்குன்னா 100 கலம் (அந்தக் கால அளவு) நெல்லு. ஆயிரம் வருஷம் கழிச்சு ஒரு பொண்ணோட அட்ரஸும் சம்பளமும் நமக்குத் தெரியுது சார், எனக்கெல்லாம் மொத தடவ படிச்சப்ப புல்லரிச்சுது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாவது தொகுதில முழுசா அச்சாகியிருக்கு, ஸ்கேன் பண்ணினது ஓசிலயே கெடைக்குது. அந்தப் பக்கத்த எடுத்து மாமனாருக்கு அனுப்புங்க, அடுத்த நாள் அவரே பத்து பேருக்கு அனுப்பியிருப்பார்.

சாட்டிலைட் மேட்டர் சுலபம். 500 கிலோமீட்டர் ஒயரத்துல சுத்தறது செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல ஓடுது, அந்த ஓட்டம்தான் அத கீழ விழாம வெச்சிருக்கு. நெஜமாவே நின்னிருந்தா இந்நேரம் காரைக்கால் மீனவங்க வலைல நாலஞ்சு மாட்டியிருக்கும்னு சொல்லுங்க, சிரிச்சுடுவார்.

திருவான்மியூர் கல்லூரி மாணவி: நம்ம பீச்ல அலை நீலமா மின்னற போட்டோ வந்துச்சு. ஸ்டேட்டஸ்ல போடலாமா, இல்ல அது ஃபேக்கா?

சமாச்சாரம் நெஜம்தாம்மா. 2019 ஆகஸ்ட்ல ஈஞ்சம்பாக்கம், திருவான்மியூர் பக்கம் ராத்திரி அலை நீலமா மின்னிச்சு, ஊரே பீச்சுக்கு ஓடுச்சு. நாக்டிலூகான்னு ஒத்த செல் உயிர், அலை அடிச்சு அதுக்கு அதிர்ச்சி குடுத்தா லேசா வெளிச்சம் விடும், கோடிக்கணக்குல சேர்ந்தா நமக்குக் கண்ணுல தெரியுது. ஆனா உங்களுக்கு வந்த போட்டோ அன்னிக்கு எடுத்ததா, நேத்திக்கு எடுத்ததா, இல்ல மாலத்தீவுலயாங்கறது வேற கேள்வி. படத்த வெச்சே தேடற வசதி ஃபோன்லயே இருக்கு, போட்டுப் பாத்தா மொதல்ல எங்க வந்துச்சுன்னு பெரும்பாலும் தெரிஞ்சுடும். எடுத்தவர் பேர் கெடைச்சா பேரோட போடுங்க, கெடைக்கலேன்னா படத்த விட்டுட்டு விஷயத்த மட்டும் எழுதுங்க. இன்னொண்ணும் சேத்து எழுதுங்க, யாரும் எழுத மாட்டேங்கறாங்க: இது ரொம்ப மண்டிப் போனா தண்ணில ஆக்சிஜன் கொறைஞ்சு அமோனியா ஏறி மீனுக்கு ஆபத்தாயிடும். அழகுன்னு மட்டும் போட்டா பாதிக் கதைதான்.

அம்பத்தூர் டீச்சர்: தமிழ்ல நல்ல விஷயம் எங்க தேடறது?

பழைய இலக்கியம்னா மதுரைத் திட்டம், 1998-லேர்ந்து ஓடுது, சம்பளம் வாங்காம ஆளுங்க டைப் பண்ணி ஏத்தினது. பழைய புத்தகம், பத்திரிகைக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம். நேர்ல போக முடிஞ்சா தரமணி ரோஜா முத்தையா நூலகம், அங்க பழைய நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகமெல்லாம்கூட இருக்கு, பசங்களக் கூட்டிட்டுப் போங்க. அறிவியலுக்கு ஆர்க்சிவ் (arxiv.org) தளம் இலவசம், ஆனா அதுல வர்றது பெரும்பாலும் மத்த விஞ்ஞானிங்க சரிபாக்கறதுக்கு முன்னாடி ஏத்தினது, அத ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடுங்க.

கே.கே.நகர் வாசகர்: ஆராய்ச்சிக் கட்டுரைய ஏஐகிட்ட குடுத்து சுருக்கி வாங்கிப் போடறேன். தப்பா?

தப்பில்ல, ஆனா அசல் கட்டுரையோட மொதல் பாராவயும் கடைசிப் பாராவயும் நீங்க படிச்சுட்டுப் போடுங்க. எலி மேல செஞ்ச சோதனைய மனுஷனுக்கே மருந்து வந்துடுச்சுன்னு மாத்திச் சொல்ற வேலை அந்தச் சுருக்கத்துலதான் நடக்கும், ஏஐ வர்றதுக்கு முன்னாடி அத நம்ம நியூஸ் சேனலுங்க செஞ்சிட்டிருந்தாங்க. அப்புறம் அது "இன்ன கட்டுரைல இருக்கு"ன்னு தானா ஒரு பேர் சொல்லுச்சுன்னா அப்படி ஒரு கட்டுரை இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்லாததக்கூட ரொம்ப தைரியமா சொல்லும்.

மடிப்பாக்கம் வாசகி: ஒரு நாளைக்கு எத்தனை போடலாம்?

ஒண்ணு. ஞாயித்துக்கிழமை வேணும்னா ரெண்டு, மத்தியானம் சாப்பிட்டு ஒரு மூணு மணிக்கு மேல.