இன்சுலின் போடும் பூனையை யாரிடம் விட்டுப் போவது? கேள்வி பதில்

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வரிசையாகக் கேட்பதால் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லாதபோது போய், பூனைக்குச் சாப்பாடு வைத்து, ஊசி போட்டுவிட்டு வருகிறவள். மருந்தைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அது டாக்டர் வேலை.

கே: எங்க பூனை மணிக்கு 11 வயசு. லான்டஸ் இன்சுலின் 2 யூனிட், காலை ஏழு, ராத்திரி ஏழு. நாலு நாள் மதுரை போகணும். பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணு பார்த்துக்கறேன்னு சொல்லுது. அவளுக்கு என்னென்ன சொல்லிக் கொடுக்கணும் அக்கா? (போரூர்)

ப: அந்தப் பெண்ணைக் கண்டால் மணி கட்டிலுக்கடியில் ஓடுமா? ஓடுமென்றால் இன்றிலிருந்தே தினமும் சாயங்காலம் வரச் சொல்லுங்கள். தட்டை அவள் கையாலேயே வைக்கட்டும். பிடிபடாத பூனைக்கு எந்தக் கெட்டிக்காரராலும் ஊசி போட முடியாது.

ஊசி போடக் கற்றுத்தரும் வேலையை யூடியூபிடம் விடாதீர்கள். முதல் நாள் நீங்கள் போடுவதை அவள் பார்க்கட்டும். அடுத்த வேளையிலிருந்து அவள் போட, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் அடுத்த அறையில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் மணியும் சமர்த்தாக இருக்கும், அவளும் தைரியமாக இருப்பாள். இரண்டையும் நம்ப முடியாது.

சாப்பாடு முதலில், ஊசி பிறகு. சாப்பிடவில்லை என்றாலோ, சாப்பிட்டதை வாந்தி எடுத்தாலோ, ஊசியை எடுக்காமல் போனை எடுக்க வேண்டும். நேரம் அரை மணி முன்னே பின்னே ஆனால் குடி முழுகாது.

மணி தட்டில் முகம் புதைத்திருக்கும்போது விலாப் பக்கத் தோலை இரண்டு விரலால் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செருக வேண்டும். ரோமம் அடர்த்தியென்றால் ஊசி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிடும், மருந்து ரோமத்தில் போய்விடும். தடவிப் பார்த்தால் ஈரமாக இருக்கும், விரலை முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும். அப்போது என்ன செய்வது? ஒன்றும் செய்யக் கூடாது. பாதி உள்ளே போயிருக்கலாம், முக்காலும் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? ஒரு வேளை மருந்து தவறினால் சர்க்கரை கொஞ்சம் ஏறும், மணி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், மணல் தட்டு சீக்கிரம் நனையும். இரண்டு மடங்கு போனாலோ சர்க்கரை தடாலென்று இறங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் போட்டாயிற்று என்றே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்றைக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்தச் சந்தேகமே வராமலிருக்க ஒரு வழி உண்டு. நாலு நாளைக்கு எட்டு சிரிஞ்சை மட்டும் எண்ணி ஒரு டப்பாவில் வைத்து, மற்றதையெல்லாம் பீரோவில் பூட்டிவிடுங்கள். மீதியை எண்ணினால் தெரிந்துவிடும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள்: தேதி, நேரம், எவ்வளவு சாப்பிட்டது, எத்தனை யூனிட். போட்ட கையோடு அங்கேயே எழுத வேண்டும். வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப்பில் அனுப்புவது கணக்கில் சேராது.

சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி அதே கதவில் ஒட்டுங்கள். தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பாது, நடுங்கும். சில பூனைக்குத் திடீரென்று அசுரப் பசி எடுக்கும். கடைசியில் வலிப்பு. நினைவோடு இருந்து சாப்பிட்டால் உடனே சாப்பாடு வைக்கலாம். இல்லையென்றால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது வாய்க்குள் விரலை விட்டால் கடி நிச்சயம். தேறிவிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தாலும் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போயே ஆக வேண்டும். தேன் சீக்கிரம் தீர்ந்துவிடும், உள்ளே போன இன்சுலின் தீராது.

டாக்டரும் பொங்கலுக்கு ஊருக்குப் போவார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர் இல்லாவிட்டால் யாரிடம் போவது என்று இப்போதே கேட்டு வையுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால், விடுமுறை நாளில், ராத்திரியில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நீங்களே முன்கூட்டி விசாரியுங்கள். "இந்தப் பெண் கொண்டுவந்தால் வைத்தியம் பாருங்கள், செலவு என்னுடையது" என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுங்கள். பணத்துக்காக உங்கள் போன் எடுபடும்வரை அவள் வாசலில் நிற்கக் கூடாது.

கே: எங்க மாமியாருக்கு வருஷக்கணக்கா சர்க்கரை. தானே ஊசி போட்டுக்குவாங்க. எங்க பூனைக்கும் லான்டஸ் 2 யூனிட்தான். அவங்ககிட்ட விட்டுட்டுப் போனா போதாதா?

ப: கை பழக்கம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அவர் எந்த சிரிஞ்சில் போட்டுக்கொள்கிறார்? நம் மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் விற்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. இன்னொன்றில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி. லான்டஸ் 100. மாமியார் பழக்கதோஷத்தில் தன்னுடைய சிவப்பு மூடியை எடுத்து இரண்டாவது கோடு வரை லான்டஸ் இழுத்தால், பூனைக்குப் போவது 5 யூனிட். நாலு கிலோ பூனைக்கு!

மாமியாருடைய சிரிஞ்சு டப்பாவும் பூனையுடையதும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது.

கே: நான் 20 வருஷமா ஊசி போட்டுக்கறேன். 40 ஆனாலும் 100 ஆனாலும் ஒரு யூனிட் ஒரு யூனிட்தான். சும்மா ஜனங்களை பயமுறுத்தாதீங்க மேடம்.

ப: சார், ஒரு யூனிட் ஒரு யூனிட்தான். அதில் சண்டையே இல்லை. ஆனால் சிரிஞ்சில் அச்சடித்திருக்கும் கோடு காட்டுவது எவ்வளவு திரவம் என்பதை. சிவப்பு மூடியில் ஒரு யூனிட் அளவு 0.025 மில்லி, ஆரஞ்சு மூடியில் 0.01 மில்லி. எந்த மருந்தை இழுக்கிறோம் என்று கோட்டுக்குத் தெரியாது.

கே: (அவரே) அப்போ கணக்குப் போட்டா போச்சு. 2.5ஆல வகுத்து இழுக்கலாமே.

ப: மணியின் 2 யூனிட்டை வகுத்தால் 0.8. சிவப்பு மூடி சிரிஞ்சில் 0.8 என்று கோடு எங்கே இருக்கிறது, காட்டுங்கள். அதையும் பொங்கலன்று காலை ஏழு மணிக்கு, ஒரு கையில் பூனையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் கண்டுபிடிக்க வேண்டுமா?

கே: சார் சொல்றது சரிதானே? எங்க பூனைக்கு கேனின்சுலின்ங்கற இன்சுலின். கடையில 40 சிரிஞ்சுதான் குடுத்தாங்க. நல்லாத்தான் இருக்கு.

ப: உங்களுக்குச் சரி, ஏனென்றால் கேனின்சுலின் 40 யூனிட் மருந்து. அதை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் பாதிக்கும் குறைவாகப் போகும். குப்பியில் என்ன எண்ணோ சிரிஞ்சிலும் அதே எண். இதில் எனக்கும் சாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை.

கே: (அவரே) எதுக்கு இந்த வம்பு? இன்சுலின் பேனா வாங்கிட்டா திருகினா முடிஞ்சுது.

ப: சாதாரணப் பேனா ஒவ்வொரு யூனிட்டாகத்தான் திரும்பும். ஒன்றரை யூனிட் போடும் பூனைக்கு அரை யூனிட் திரும்பும் பேனா தேட வேண்டும். அழுத்திய பிறகும் சில விநாடி ஊசியை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். உங்கள் தொப்பை அசையாமல் இருக்கும் சார், பூனை இருக்காது. டாக்டர் பேனா எழுதித் தந்து, பார்த்துக்கொள்கிறவருக்கும் பழகியிருந்தால் தாராளமாக. இந்தப் பஞ்சாயத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

கே: போகிறதுக்கு முன்னாடி எல்லா சிரிஞ்சிலும் மருந்தை நிரப்பி வெச்சுடலாமா?

ப: வேண்டாம்.

கே: கருப்பிக்கு இதுவரை தயிர் சாதம், மீன் சோறுதான். டாக்டர் மாவுச்சத்து குறைஞ்ச ஈர உணவுக்கு மாத்தச் சொல்லியிருக்கார். நான் இல்லாத நாள்ல அக்கா பொண்ணை விட்டு மாத்திடவா?

ப: கூடவே கூடாது. சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தானாகவே இறங்கும். பழைய அளவு இன்சுலினே அப்போது அதிகப்படியாகிவிடும். சாப்பாடு மாறி, சிகிச்சையும் சீக்கிரம் தொடங்கிய சில பூனைகளுக்கு இன்சுலினே தேவையில்லாமல் போவதும் உண்டு. நல்ல செய்திதான், ஆனால் அந்த மாற்றம் நடக்கும்போது நீங்களும் டாக்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும். திரும்பி வந்து மாற்றுங்கள்.

கே: ஊசி போட்டமா இல்லையான்னு பார்த்துக்கறவங்களுக்கு டவுட் வந்தா?

ப: மணிக்குச் சொன்னதைப் படியுங்கள். மறுபடி போடக் கூடாது.

கே: கிளினிக்கிலேயே விட்டுட்டுப் போனா நிம்மதி இல்லையா?

ப: நோய் இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அளவு இன்னும் நிலைப்படவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்றால் கிளினிக்தான் நல்லது. மற்றபடி வீடே மேல் என்பது என் கட்சி. நாய் குரைக்கிற இடத்தில் கூண்டுக்குள் கிடந்தால் பூனைக்குப் பயத்திலேயே சர்க்கரை ஏறும், சாப்பாடும் இறங்காது.

ஆனால் போகியன்று சென்னையில் வீட்டிலும் அமைதி கிடையாது. விடியற்காலையில் மேளச் சத்தம் கேட்டதும் பூனை பரண் மேல் ஏறிவிடும், ஏழு மணி ஊசிக்கு அகப்படாது. முந்தின ராத்திரியே ஒரு சின்ன அறையில் விட்டு, ஜன்னலைச் சாத்திவைக்கச் சொல்லுங்கள்.

கே: அம்மாவோட குளுக்கோமீட்டர்ல பார்த்துக்கலாமா?

ப: மனிதர் மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும். எந்த மீட்டர், எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பூனையின் காதில் குத்தி ரத்தம் எடுத்துப் பழகாத ஆளை அதற்குக் கட்டாயப்படுத்தாதீர்கள். எண் என்னவாக இருந்தாலும், பார்த்துக்கொள்கிறவர் தானாக அளவை மாற்றக் கூடாது.

கே: எங்க நாய்க்கும் இதேதானா?

ப: நாய்க்கு வரும் சர்க்கரை வேறு ரகம். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கே: ராத்திரி மறந்துட்டா காலையில ரெண்டு டோஸா சேர்த்து...

ப: ஐயோ! கூடாது. கூடாது.

கே: மருந்தை ஃப்ரீசர்ல வெச்சா ரொம்ப நாள் வருமா? போட்ட ஊசியை எங்க போடறது?

ப: உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். லான்டஸ் தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தால் தொடாதீர்கள். பிரிக்காத குப்பி ஒன்று கூடுதலாக இருக்கட்டும், கீழே போட்டு உடைப்பது யாருக்கும் நடக்கும். போட்ட ஊசியை மூடியோடு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுங்கள். குப்பை அள்ள வருகிறவர் பையைக் கையால்தான் தூக்குகிறார்.